மன்னார்ச் சேற்றில் கிடக்கும் ஸ்பேடு

இந்த இதழில் பட்டறைப் பக்கம் எழுதுகிற ஐயா, நீங்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோல எழுதினீர்கள். அது பொய். அந்தப் பொய்யால் ஒரு மனிதனின் லாரி ரோட்டை விட்டு இறங்கப் போகிறது.

எந்தக் கட்டுரை என்று மற்ற வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மூன்று இதழ்களுக்கு முன்னால் பல நாட்டு ராணுவ மீட்பு லாரிகளைப் பற்றி எழுதியிருந்தார். சேற்றிலும் மணலிலும் மாட்டிக்கொண்ட வண்டியை இழுத்து எடுக்கிற, கிரேன் வைத்த ஆறு சக்கர லாரிகள். இங்கிலாந்துக்காரன் அதை எப்படிச் செய்தான், ரஷ்யாக்காரன் குளிருக்கு என்ன மாற்றினான், நம்மவர்கள் பாலைவன மணலுக்காக டயரை எப்படி அகலமாக்கினார்கள் என்று நன்றாகத்தான் எழுதினார். கடைசிப் பத்தியில் இலங்கை வந்தது. மன்னார்ப் பக்கம் யாரோ எடுத்த ஒரு படம். அதன் கீழே, பின்பக்க ஸ்பேடைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு தகரத்தை மாட்டியிருக்கிறார்கள், இது அறியாமை, ஆளைக் கொல்லும் என்று இருந்தது.

ஸ்பேடு என்பது மீட்பு லாரியின் பின்னால் இருக்கும் இரண்டு அகலமான இரும்பு நாக்கு. வேறொரு வண்டியை இழுக்கும்போது நம் லாரியே அதன் பக்கம் நகர்ந்துவிடாமல் இருக்க, அதை இறக்கி மண்ணில் குத்திவிடுவோம். சங்ககிரியில் அப்பா நடத்திய ரெக்கவரி பட்டறையை அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். கவிழ்ந்த லாரி, கிணற்றில் விழுந்த டிராக்டர் எல்லாம் தூக்கியிருக்கிறேன். ஸ்பேடு இல்லாத வண்டியை நானும் தொட்டதில்லை. அதனால் உங்கள் கட்டுரையைப் படித்தபோது தலையாட்டினேன். அதை மறைக்கப் போவதில்லை.

படத்தில் இருந்த லாரி யோகனுடையது என்பது எனக்கு அப்போது தெரியாது.

யோகனுக்குச் சொந்த ஊர் மன்னார்த் தீவுக்கு எதிரே இருக்கும் பாப்பாமோட்டை. சண்டைக் காலத்தில் சின்னப் பிள்ளையாகப் படகில் வந்து, எங்கள் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்தவன். பன்னிரண்டு வருடம் என் பட்டறையில் வேலை பார்த்தான். பிறகு பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர் திரும்பினான். ஒரு நாள் காலையில் போன் செய்தான்.

“அக்கா, என்ர லொறி ரோட்டில ஓட பேப்பர் தரமாட்டினமாம். பிழை எண்டு புத்தகத்தில வந்திட்டுதாம்.”

“எந்தப் புத்தகத்துலடா?”

“நீங்கள் மாசா மாசம் வாங்கி மேசையில போடுற புத்தகம்தான். இங்கயும் நான் எடுக்கிறனான்.”

நான் கிளம்பிவிட்டேன்.

இலங்கையில் இறங்கி, மன்னார் போகும் பஸ்ஸில் ஏறி அரை மணி நேரத்தில் கிளச் தீயும் வாசனை வந்தது. டிரைவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். வாசனை கூடியது. மறுபடி போனேன். மூன்றாவது தடவை போனபோது கண்டக்டர் டிரைவரிடம் ஏதோ கத்தினார். பக்கத்துச் சீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள்: “இந்த அம்மா பஸ்ஸுக்கு வந்தவவோ, கிளச்சுக்கு வந்தவவோ, ஒருக்கா நிப்பாட்டிப் பார்த்துத் தொலை எண்டு சொல்லுறார்.”

நிறுத்தினார். கீழே படுத்துப் பார்த்து கேபிளைத் தளர்த்திவிட்டேன். புடவையெல்லாம் கிரீஸ். பஸ் கிளம்பியதும் டிரைவர் முன்சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தார். கண்டக்டர் எங்கோ இறங்கி ஓடிப்போய் ஒரு பணிஸும் தேத்தண்ணியும் வாங்கி வந்தார். பணிஸ் என்பது நம் ஊர் பன்தான், உள்ளே மீன் இருந்தது. எங்கள் ஊரில் நான் ஒரு பஸ் டிரைவரிடம் கிளச்சைப் பற்றிப் பேசினால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு பேருக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

தீவுக்குப் போகும் கடல்பாலத்துக்கு முன்னாலேயே இறக்கிவிட்டார்கள். அங்கே லாரியோடு நின்றான் யோகன். கூடவே வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். “இவர்தான் ரசீன் நானா, சிலாவத்துறை. லொறி எங்கட ரெண்டு பேரின்ர” என்றான். நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். நானாவின் குடும்பமும் சண்டையில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் வருடக் கணக்காகக் கிடந்து திரும்பியது. அங்கே படித்த சிங்களம் இப்போது தொழிலுக்கு உதவுகிறது. ராணுவம் பழைய வண்டிகளை ஏலம் போட்டபோது போய்ப் பேசி எடுத்தவர் அவர்தான். ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் யோகன்.

நான் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. நேராக லாரியின் பின்பக்கம் போனேன்.

ஸ்பேடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கனத்த இரும்புத் தட்டு தொங்கியது. பழைய மிதவை ஒன்றின் அடித்தகடு. இரண்டு கதவு அகலம். ஓரங்கள் மேல்நோக்கி வளைந்திருந்தன. தகரம் என்று எழுதினீர்களே, இரண்டு ஆள் சேர்ந்தாலும் அதை அசைக்க முடியாது.

“இதை யாருடா மாட்டுனது?”

“ஆமியில இருக்கேக்கையே இப்பிடித்தான் கிடந்தது. நான் ஓரத்தை மட்டும் வளைச்சனான்.”

டிரைவர் பக்கக் கதவின் உட்புறத்தில் சிங்களத்தில் பெயின்ட்டால் மூன்று வரி எழுதியிருந்தது. எழுதிய சிப்பாய் யாரென்று யாருக்கும் தெரியாது. நானா படித்துச் சொன்னார்: “முன்னால் கட்டு. பின்னால் இழு. அவசரப்படாதே.”

யோகன் கதவைத் துடைத்தான். “அம்மா சொல்லுவா, அந்த நாளையில இந்த லொறிச் சத்தம் கேட்டா சனம் காட்டுக்குள்ள ஓடுமாம். இப்ப நான் கொண்டு போகேக்க சனம் ரோட்டுக்கு ஓடி வருது.”

அன்று பாப்பாமோட்டையில் அவன் வீட்டில் சாப்பாடு. யோகனின் மனைவி செல்வி, முகாமில் பிறந்தவள், எனக்காக எங்கள் ஊர் முறையில் அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைத்துச் செய்திருந்தாள். “இங்க ஒருத்தருக்கும் இது விளங்காது அக்கா. நோய்க்காரருக்கோ எண்டு கேக்கினம்” என்றாள். நான் அதை அவளுக்கே வைத்துவிட்டு, பிட்டும் மீன் குழம்பும் தின்றேன். கொல்லையில் கோழிக்கூட்டுக் கூரை பறக்காமல் இருக்க மேலே எதையோ ஏற்றி வைத்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். லாரியின் ஸ்பேடு. இரண்டு நாக்கும் அங்கேதான் இருந்தன.

“எறியேல்லை அக்கா, ஏலத்தில லொறியோட சேர்த்துத் தந்தவை” என்றான் யோகன், திருடிப் பிடிபட்டவன்போல.

மறுநாள் மூன்று பேரும் மன்னார் டவுனுக்குப் போனோம். பாலத்தின் இரண்டு பக்கமும் கடல், டவுனுக்குள் எங்கு பார்த்தாலும் கழுதைகள். வாகனப் பரிசோதனைக் கந்தோரில், நம் ஊர் ஆபீஸ்தான், இருந்தவர் ஒரு சிங்கள இளைஞர். சண்டை போடும் எண்ணத்தில்தான் உள்ளே போனேன். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சாயம் வரச் சொன்னார். பால் ஊற்றாத தேநீருக்கு அங்கே சாயம் என்று பெயர். இனிப்பாகச் சாயம் குடித்துக்கொண்டே ஒருவரைத் திட்டுவது கஷ்டம்.

அவர் பேசப் பேச நானா தமிழில் சொன்னார். மேசையில் இரண்டு கோப்பு வைத்தார். ஒன்று மெலிசு.

“இதுவும் ஆமி ஏலத்தில் போன லொறிதான். உங்கள் ஆளுடையதைவிட மாற்றம் அதிகம். ஆனால் ‘மாற்றம்: இல்லை’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.”

இன்னொன்று தடிப்பு. பதினொரு தாள். யோகனின் கையெழுத்து எனக்குத் தெரியும். தயாரித்த நாடு என்ற இடத்தில் சேசிஸ் இங்கிலாந்து, எஞ்சின் ஜப்பான், கிரேன் இந்தியா, டயர் சீனா, பின்தட்டு மன்னார் என்று வரிசையாக எழுதியிருந்தான். ஒவ்வொரு போல்ட்டுக்கும் படம் போட்டிருந்தான். கடைசித் தாளைத் திருப்பினேன். உங்கள் கட்டுரை. ‘ஆளைக் கொல்லும்’ என்ற இடத்தில் சிவப்புக் கோடு.

“இதை யார் குடுத்தது? யார் போட்டுக் குடுத்தான்னு சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

நானா மொழிபெயர்த்தார். அதிகாரி யோகனைப் பார்த்தார். யோகன் தரையைப் பார்த்தான்.

“அவரேதான் தந்தார்” என்றார் அதிகாரி. “சிங்கள மொழிபெயர்ப்பும் அவரே செய்வித்துக் கொண்டுவந்தார்.”

வெளியே வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். “அறிவிருக்குதாடா உனக்கு? உன்னைத் திட்டி வந்ததை நீயே கொண்டுபோய்க் குடுப்பியா?”

“அக்கா, பிறகு அவையள் கண்டுபிடிச்சா? மறைச்சுப் போட்டான் எண்டு சொல்லமாட்டினமே?”

“எவன்டா கண்டுபிடிப்பான்? இங்க எவன்டா அந்தப் புக்கு படிக்கறான்?”

“முகாமில ஒரு பழைய சைக்கிள் வாங்கினாலும் நாங்களே போய்ச் சொல்லோணும். கணக்கெடுப்பில நாங்கள் சொல்லாத ஒண்டை அவையள் கண்டா அதுக்குப் பிறகு சொல்லுறதெல்லாம் பொய்தான். எனக்கு அப்பிடியே பழகிப் போச்சு, அக்கா.”

நானா சொன்னார்: “நான் சொன்னனான் தங்கச்சி, ஒரு தாள் போதுமெண்டு. பதினொரு தாளுக்கும் முத்திரை குத்துங்கோ எண்டு கேட்ட மனுசன் இவர்.”

என் பட்டறையில் ஒரு ஸ்பேனர் உடைந்தால், உடைத்தது வேறு யாராக இருந்தாலும், முதலில் வந்து சொல்வது யோகன்தான். நல்ல பையன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்கு மேல் அவனைத் திட்ட வாய் வரவில்லை. உங்களைத் திட்டலாம் என்று முடிவு செய்தேன்.

மறுபடி உள்ளே போனோம். நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். நீங்கள் அவருடைய பழைய முதலாளி, மேலதிகாரிகளிடம் அது செல்லாது என்றார் அதிகாரி. பிறகு அவர் சொன்னதை நானா நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“அந்தத் தட்டு வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். சேற்றில் மாட்டிய பள்ளிக்கூட பஸ் ஒன்றை இவர் இழுத்தபோது நான் நின்று பார்த்தேன். ஆனால் என் கோப்பில் இது ஆளைக் கொல்லும் என்று ஒரு தாள் இருக்கிறது. கொல்லாது என்று ஒரு தாளும் இல்லை. எழுதியவர் ராணுவப் பட்டறையில் இருந்தவர். அவரே அதே புத்தகத்தில் பதில் சொல்லட்டும். அதையும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். அடுத்த பரிசோதனைக்குள் வராவிட்டால் லொறியை நிறுத்த வேண்டியதுதான்.”

நிறுத்தினால் இரும்புக்குத்தான் போகும். வேறு வேலைக்கு அந்த லாரி உதவாது.

எழுதுவதற்கு முன்னால் நானே பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பார்க்காமல் எழுத நான் என்ன நீங்களா? அதோடு, உண்மையைச் சொன்னால், என் மனசுக்குள் பாதி நீங்கள்தான் சரி. மூன்றாம் நாள் காலையில் கோழிக்கூட்டில் இருந்து ஸ்பேடை இறக்கச் சொன்னேன். யோகன் தட்டைக் கழற்றி கிரேனால் தூக்கி லாரி மேலே போட்டுவிட்டு ஸ்பேடை மாட்டினான். நானா வீட்டில் மதியச் சாப்பாடு. சிலாவத்துறைக்குப் போகும் வழியில் எங்காவது மண்ணில் இறக்கிப் பார்க்கலாம் என்பது என் திட்டம்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. கடலோர ரோட்டின் ஓரத்தில் தரவை என்று சொல்லும் வெட்டவெளி. புல் இல்லை, மரம் இல்லை, வெள்ளையாக உப்புப் பூத்துச் சிமென்ட் போட்டதுபோல இறுகிக் கிடக்கிறது. அதன் நடுவில் மீன் ஏற்றிய கூலர் லொறி ஒன்று ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கரைக்குக் குறுக்குவழி போயிருக்கிறார். அதன் டிரைவர் சூசை இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“வாங்கோ வாங்கோ, மாதா அனுப்பின மாதிரி வாறியள்! எஞ்சின் நிண்டு போச்சு, கூலரும் நிண்டு போச்சு. மத்தியானம் திரும்பினா மீன் எல்லாம் கருவாடுதான்.”

யோகன் லாரியின் முகம் ரோட்டைப் பார்க்க, பின்பக்கம் கூலர் லொறியைப் பார்க்க நிறுத்தினான். இறங்கி மண்ணைக் காலால் தட்டினான்.

“அக்கா, தட்டைப் போடட்டே?”

“ஸ்பேடை இறக்கு.”

“இந்த மண் வந்து...”

“நான் எத்தனை வண்டி இழுத்திருக்கேன்னு உனக்குத் தெரியும்ல? இறக்குடா.”

இறக்கினான். நானா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, லுங்கியை முழங்கால் வரைக்கும் மடித்துக் கட்டினார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வின்ச் கயிறு இறுகியது. ஸ்பேடு மண்ணில் குத்தியது. எங்கள் ஊர்ச் செம்மண்ணில் அது ஒரு முழம் போய் நின்றுவிடும். இங்கே அந்த வெள்ளை மேற்பரப்பு அப்பளம்போல நொறுங்கியது. கீழே கறுப்புச் சேறு, அழுகின முட்டை வாசனை. இழுக்க இழுக்க நாக்கு ஆழமாகப் போய்க்கொண்டே இருந்தது. பின்னாலேயே லாரியின் பின்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு போனது. நான் நிறுத்து என்று கத்துவதற்குள் பின்சக்கரம் நான்கும் பாதிக்கு மேல் காணவில்லை. கூலர் லொறி ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

சூசைதான் முதலில் வாயைத் திறந்தார்.

“என்ர லொறி தனியப் புதைஞ்சு கிடந்தது. பாவமெண்டு இந்தியாவில இருந்து வந்து அதுக்கொரு சோடி சேர்த்துவிட்டிருக்கிறா அக்கா.”

நானா என் காலைப் பார்த்தார். “தங்கச்சி, சப்பாத்தைக் கழட்டுங்கோ. வேலை கிடக்கு.”

யோகன் என்னைக் குத்திக் காட்டாமல், குனிந்து சக்கரத்தடியில் இருந்த சேற்றைக் கையால் அள்ளத் தொடங்கினான். அதுதான் பெரிய அடி.

அந்த ஜில்லாவில் இப்படி மாட்டினதை இழுக்க இருக்கிற ஒரே லாரியை நானே புதைத்துவிட்டேன். நீங்கள் எழுதினபடி செய்து புதைத்தேன். அதை மறந்துவிடாதீர்கள்.

கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். இருபது பேர் இருக்கும். நாங்கள் கூப்பிடவில்லை. வலை கரை சேர்ந்ததும் மண்வெட்டியும் கயிறுமாக வந்தார்கள். நான்கு பேர் ஒரு பனங்குற்றியை, பனைமரத் துண்டுதான், தோளில் தூக்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் வலைக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி என்று கூப்பிட்டார்கள். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“முதல்ல அந்த நாக்கைக் கழட்டுங்கோ. அதை வைச்சுக்கொண்டு ஒண்டும் செய்யேலாது. ஆர் இதைப் போட்டது?”

“நான்தாங்க” என்றேன்.

“ஊருக்குப் புதுசோ?”

“ஆமாங்க.”

“அப்ப சரி” என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சேற்றுக்குள் கையை விட்டு ஸ்பேடின் ஊசிகளைத் தடவித் தடவி அடித்துக் கழற்றினான் யோகன். நானும் படுத்துப் பிடித்தேன். மூக்கு வரைக்கும் சேறு. நாக்கு இரண்டையும் மேலே எடுக்க முடியவில்லை. சேறு கவ்விக்கொண்டது. விட்டுவிடுங்கோ என்றார் சம்மாட்டி. விட்டுவிட்டோம்.

பிறகு நடந்ததை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ரோட்டுக்குப் பக்கத்தில், மண் உறுதியான இடத்தில், இடுப்பளவு பள்ளம் வெட்டிப் பனங்குற்றியைக் குறுக்காகப் படுக்க வைத்துப் புதைத்தார்கள். அந்த லாரியில் வின்ச் கயிற்றை அடிவழியாக முன்னாலும் கொண்டுவர முடியும். இங்கிலாந்துக்காரன் செய்த நல்ல வேலை அது. கயிற்றைக் குற்றியில் கட்டி லாரி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலே ஏறியது. அதன் பிறகு தட்டை இறக்கி மண்மேல் பரப்பினார்கள். பின்சக்கரம் தட்டின் மேல். வளைந்த ஓரம் படகின் முன்பக்கம்போல மண்ணைக் கிழிக்காமல் மேலேயே நின்றது. லாரியின் மூக்கைச் சங்கிலி போட்டுக் குற்றியோடு கட்டினார்கள். முன்னால் கட்டு, பின்னால் இழு. பிடிப்பது குற்றி, தட்டின் வேலை லாரியைத் தாங்குவது மட்டும். ஸ்பேடு செய்கிற வேலையை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தச் சிப்பாய்க்கு இது தெரிந்திருக்கிறது.

மூன்றாவது வரி அவசரப்படாதே. அதைச் செய்து காட்டியது வலைக்காரர்கள். நாங்கள் சங்ககிரியில் ஒரே இழுப்பாக இழுப்போம். இங்கே சம்மாட்டி கையைத் தூக்கினால் யோகன் இழுப்பான். கையை இறக்கினால் அப்படியே பிடித்து நிறுத்துவான். நிறுத்தின நேரத்தில் சேற்றுக்கும் சக்கரத்துக்கும் இடையில் தண்ணீர் ஊறி வரும். வந்ததும் மறுபடி கை மேலே போகும். வலையையும் இப்படித்தான் இழுக்கிறார்களாம், அலை தூக்கும்போது இழுத்து, பின்வாங்கும்போது பிடித்துக்கொண்டு. ஏழாவதோ எட்டாவதோ தடவையில், எருமை சேற்றில் இருந்து காலை உருவுகிற சத்தம் வந்தது. கூலர் லொறி நிமிர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டுக்கு வந்தது. லாரி தட்டின் மேல் அசையாமல் நின்றது. மேற்பரப்பில் ஒரு கீறல் விழவில்லை. நான் குனிந்து பார்த்தேன், கையால் தடவியும் பார்த்தேன்.

வலைக்காரர்களிடம் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். வலையில் மீன் கிடக்கு என்று போய்விட்டார்கள். சம்மாட்டி மட்டும் திரும்பிப் பார்த்து, “மூஞ்சியைக் கழுவுங்கோ, பிள்ளைகள் பயப்பிடப் போகுதுகள்” என்றார். இது அவர் கண்ணில் படுமா தெரியாது. பட்டால், ஐயா, உங்களுக்கும் உங்கள் ஆட்களுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சூசை எஞ்சினைக் கிளப்பினார். கிளம்புவதற்கு முன்னால் ஒரு கோர்வை ஒட்டி மீனை நானாவின் கையில் திணித்தார். “இது அக்காவுக்கு. புதைச்சதுக்கும் சேர்த்துத்தான், எடுத்ததுக்கும் சேர்த்துத்தான்.”

மதியச் சாப்பாடு நாலு மணிக்கு நடந்தது. நானாவின் மனைவி ஹமீதா என்னை வாசலிலேயே நிறுத்திக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். தண்ணீர் இறைத்து ஊற்றினார். தன்னுடைய நீளச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். என் புடவையை நான் தடுக்கத் தடுக்க அவரே துவைத்துப் போட்டார். கணவாய்க் கறி, ஒட்டி மீன் பொரியல், தேங்காய்ச் சம்பல். நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். “உங்கட ஊரில சாப்பாடு தாறேல்லையோ?” என்று கேட்டார் ஹமீதா. என் ஊரில் நான் யாருக்காவது இவ்வளவு செய்திருக்கிறேனா என்று யோசித்தேன். பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த யோகன் என் வீட்டுக்குள் உட்கார்ந்து எத்தனை தடவை சாப்பிட்டான்? எனக்கு ஞாபகம் வரவில்லை.

கடைசி நாள் ரயில் ஏறத் தலைமன்னாருக்கு யோகன் லாரியிலேயே கொண்டுவந்து விட்டான். நேரம் இருந்ததால் பழைய இறங்குதுறைப் பக்கம் போய் நின்றோம். கடல் அமைதியாக இருந்தது. அந்தப் பக்கம் ராமேஸ்வரம். அவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்கு நான் எவ்வளவு சுற்றிப் போக வேண்டும் என்று எரிச்சல் வந்தது.

“ஒரு தாள் எழுதியிருந்தா இந்நேரம் கையெழுத்து வாங்கியிருப்பயேடா. இப்பவாவது மாத்திக் குடுக்கறியா?” என்று கேட்டேன்.

அவன் லாரியின் முன்பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பதிவுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். பங்கு இரண்டு பேருக்கும் என்றாலும், உரிமையாளர் என்ற இடத்தில் அவன் முழுப்பெயர்தான் இருந்தது.

“முகாமில இருந்தவனுக்கு ஒண்டும் சொந்தப் பேரில இல்லை. நான் உங்கட பட்டறைக்கு ஓடிவந்த மோட்டார் சைக்கிளே உங்கட பேரில்தான் நிண்டது, ஞாபகமோ? என்ர பேரில வந்த முதல் வாகனம் இது. பொய் எழுதி என்ர பேரைப் போட எனக்கு விருப்பமில்லை, அக்கா. லொறி போனாலும் பரவாயில்லை.”

பரவாயில்லை என்று சொன்னவன் பதிவுப் புத்தகத்தை உறைக்குள் வைக்க மூன்று தடவை முயன்றான். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பட்டறைப் பக்கம் எழுதுகிற ஐயா, இங்கிலாந்துக்காரன் தன் மண்ணுக்கு ஏற்றபடி மாற்றினான், ரஷ்யாக்காரன் தன் பனிக்கு மாற்றினான், நாம் நம் மணலுக்கு மாற்றினோம். அதையெல்லாம் புத்திசாலித்தனம் என்று எழுதினீர்கள். மன்னாரில் தங்கள் சேற்றுக்கு மாற்றினால் மட்டும் அறியாமையா? அந்தப் படத்தில் பனங்குற்றி இல்லை, சங்கிலி இல்லை, ஏனென்றால் லாரி அப்போது ரோட்டோரம் சும்மா நின்றது. யோகனைக் கேட்டிருந்தால் பதினொரு தாள் எழுதி அனுப்பியிருப்பான். நீங்கள் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. அவன் சொல்ல வந்தபோது வாயை அடைத்தேன். என் தப்பை நானே இதோ எழுதிவிட்டேன். அந்த இரண்டு நாக்கும் சிலாவத்துறை ரோட்டோரம் சேற்றுக்குள் கிடக்கின்றன. சந்தேகம் இருந்தால் போய்த் தோண்டிப் பாருங்கள். சூசை வழி காட்டுவார்.

இப்போது உங்கள் முறை. எனக்குத் தனிக் கடிதம் வேண்டாம், போன் வேண்டாம். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் சொல்லுங்கள். அந்தத் தட்டு வேலை செய்வதை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா? பார்க்காமல் ஆளைக் கொல்லும் என்று எழுதினீர்களா, இல்லையா?

நீங்கள் என்ன எழுதினாலும் அது அந்தக் கோப்பில் சேரும். மறுபடி அவனைத் திட்டியே எழுதினாலும், யோகன் அதையும் மொழிபெயர்த்துக் கொண்டுபோய்த் தன் கையாலேயே கொடுப்பான். அவன் மறைக்கமாட்டான். நீங்கள் மறைப்பீர்களா? எல்லோரும் படிக்கப் பதில் சொல்லுங்கள்.